நூலக வேலை: ரேக் அடுக்குவதிலிருந்து ஜட்ஜ்மென்ட் தேடிக் கொடுப்பது வரை, அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நூலக அறிவியல் படிக்கலாமா, படித்தால் வேலை கிடைக்குமா, சட்ட நூலகம் என்று ஒன்று இருக்கிறதாமே அது என்ன என்று வாரத்துக்கு ரெண்டு பேராவது என்னிடம் கேட்கிறார்கள். இந்தத் தொழிலில் நான் பதினெட்டு வருஷமாக இருக்கிறேன். முதல் ஆறு வருஷம் புத்தகம் அடுக்கும் உதவியாளர், அதற்கப்புறம் சட்டப் புத்தகங்களோடுதான் வாழ்க்கை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது, அதனால் மொத்தமாக எழுதி வைக்கிறேன்.

நாள் முழுக்கப் புத்தகம் படித்துக்கொண்டே சம்பளம் வாங்கலாம்தானே?

முடியாது. அல்வாக் கடையில் வேலை பார்ப்பவர் நாள் முழுக்க அல்வா சாப்பிடுகிறாரா? நான் அதிகமாகப் படித்தது வேலையில் சேர்வதற்கு முன்னால்தான். சேர்ந்த பிறகு படித்ததெல்லாம் புத்தகத்தின் முதுகு, உள்ளட்டை, பொருளடக்கம், கடைசியில் இருக்கும் அட்டவணை. ஆனால் ஒன்று, பத்தாயிரம் புத்தகத்தின் பொருளடக்கத்தைப் பார்த்தவனுக்கு எது எங்கே கிடைக்கும் என்று ஒரு மூக்கு வந்துவிடும். அந்த மூக்குக்குத்தான் சம்பளம்.

ஆரம்ப நிலை வேலையில் என்னதான் செய்யச் சொல்வார்கள்?

கவுன்ட்டரில் இஷ்யூ, ரிட்டர்ன். திரும்பி வந்த புத்தகத்தை அதன் இடத்தில் வைப்பது. புதுப் புத்தகத்துக்கு முத்திரை குத்தி, அக்சஷன் ரிஜிஸ்டரில், அதாவது வந்த புத்தகங்களை வரிசையாகப் பதியும் ஏட்டில், எண் போட்டு, முதுகில் லேபிள் ஒட்டுவது. காலையில் நாளிதழ்களைக் கோர்த்து மேசையில் போடுவது, மாசக் கடைசியில் அவற்றைக் கட்டி மேலே ஏற்றுவது. வருஷத்துக்கு ஒரு முறை இருப்புச் சரிபார்ப்பு, அதாவது ஒவ்வொரு புத்தகமாக எடுத்து ரிஜிஸ்டரோடு ஒப்பிட்டு எது தொலைந்தது என்று பட்டியல் போடுவது. கரையான், வெள்ளிமீன் பூச்சி, மழைக்காலத்தில் ஒழுகும் கூரை, இவற்றோடு சண்டை. முதுகுவலி வரும், தூசிக்குத் தும்மல் வரும். ஆஸ்துமா உள்ளவர்கள் யோசித்துவிட்டு வாருங்கள், இதை யாரும் விளம்பரத்தில் போடுவதில்லை.

அடுக்குவது சுலபம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு சின்னப் பரீட்சை. 345.54, 345.6 என்று ரெண்டு எண்கள், எது முதலில் வரும்? பாதிப் பேர் 345.6 என்பார்கள், 54-ஐவிட 6 சின்னது என்று. புள்ளிக்குப் பின்னால் வருவது தசமம், அதனால் 345.54-தான் முதலில். இதைத் தப்பாக வைத்தால் புத்தகம் நூலகத்துக்குள்ளேயே தொலைந்துபோகும். திருடு போனதைக்கூடக் கண்டுபிடித்துவிடலாம், இடம் மாறி வைத்தது அடுத்த இருப்புச் சரிபார்ப்பு வரை கிடைக்காது.

அந்த எண்கள் எங்கிருந்து வந்தன?

நம் ஊர் நூலகங்களில் பெரும்பாலும் டியூயி தசமப் பகுப்புதான், ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு எண் கொடுத்துப் புத்தகங்களைப் பிரிக்கும் முறை. அதில் 340 சட்டம், 342 அரசியல் சாசனச் சட்டம், 345 குற்றவியல் சட்டம். கோலன் பகுப்பு என்று இன்னொன்று இருக்கிறது, அது நம்மூர்க்காரர் செய்தது. சீர்காழியில் 1892-இல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் கணக்கு வாத்தியார். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகச் சேர்ந்தவர், ஆளே வராத அறையில் சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் என்னைப் பழையபடி வகுப்புக்கே அனுப்பிவிடுங்கள் என்று கேட்டவர். லண்டனுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வாரும் என்று அனுப்பி வைத்தார்கள், திரும்பி வந்தவர் வேறு ஆளாக வந்தார். இன்று ஆகஸ்ட் 12-ஐ அவர் பெயரால்தான் தேசிய நூலகர் தினமாகக் கொண்டாடுகிறோம். ஆக, சேர்ந்த முதல் மாசத்திலேயே ஓடிவிடலாமா என்று உங்களுக்குத் தோன்றினால் தப்பில்லை.

அவருடைய ஐந்து விதிகளை மனப்பாடம் செய்ய வேண்டுமா?

தேர்வுக்கு ஆமாம். 1931-இல் அவர் எழுதியவை: நூல்கள் பயன்படுத்துவதற்கே, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர், வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து, நூலகம் வளரும் உயிரி. எந்தத் தேர்வானாலும் இதிலிருந்து ஒரு கேள்வி வந்துவிடும். வேலைக்கு வந்த பிறகு, நான்காவது விதியைச் சட்ட நூலகத்தில் ஒரு நாள் உட்கார்ந்து பார்த்தால் போதும், எலும்பில் ஏறிவிடும். பத்தரைக்குக் கோர்ட், பத்தேகாலுக்கு ஜூனியர் வக்கீல் மூச்சிரைக்க வந்து நிற்பார்.

என்ன படிப்பு வேண்டும்?

மூன்று படிகள். பள்ளிப் படிப்புக்குப் பின் நூலகச் சான்றிதழ்ப் படிப்பு ஒன்று உண்டு, சில அடிநிலைப் பதவிகளுக்கு அதுவே போதும். ஏதாவது ஒரு பட்டம் முடித்தவர்களுக்கு பி.லிப், அதாவது நூலக அறிவியலில் இளநிலைப் பட்டம், ஒரு வருஷம். அதற்கு மேல் எம்.லிப் என்ற முதுநிலைப் பட்டம் இன்னொரு வருஷம், அல்லது பட்டம் முடித்ததும் நேரே ரெண்டு வருஷ எம்.லிப். வேலையில் இருந்துகொண்டே படிக்க இக்னோ என்ற திறந்தநிலைப் பல்கலைக்கழகம் போன்ற தொலைநிலை வழிகள் இருக்கின்றன. நான் அப்படித்தான் படித்தேன், ராத்திரி பத்து மணிக்கு மேல்.

கணினி தெரியாமல் வராதீர்கள். கோஹா என்ற இலவச நூலக மென்பொருளைப் பல நூலகங்கள் பயன்படுத்துகின்றன. வீட்டுக் கணினியிலேயே ஏற்றிப் பழகலாம், காசு கிடையாது. பட்டம் வாங்கியும் கோஹாவில் ஒரு புத்தகத்தை ஏற்றத் தெரியாதவரையும், பட்டம் முடிக்காமலேயே ஐநூறு புத்தகம் ஏற்றியவரையும் அருகருகே உட்கார வைத்தால் நான் யாரை எடுப்பேன் என்று சொல்லவும் வேண்டுமா!

அரசுப் பொது நூலகத்தில் வேலைக்கு எப்படிப் போவது?

டி.என்.பி.எஸ்.சி. நூலகப் பணிகளுக்கென்று தனியாக அறிவிப்பு வெளியிட்டுத் தேர்வு நடத்துகிறது. வருஷா வருஷம் வராது, வந்தால் விட்டுவிடாதீர்கள். பதவிக்குப் பதவி தகுதி மாறும், அதனால் பக்கத்து வீட்டு அண்ணன் சொன்னதை நம்பாமல் அறிவிப்பை முழுசாகப் படியுங்கள்.

பொது நூலக அமைப்பு எப்படி ஓடுகிறது என்பது தெரிந்திருந்தால் தேர்வுக்கும் உதவும். சுதந்திர இந்தியாவில் முதலில் பொது நூலகச் சட்டம் போட்டது சென்னை மாகாணம்தான், 1948-இல். சொத்து வரியோடு ரூபாய்க்கு 10 பைசா நூலக வரியாக வசூலாகிறது, அது உள்ளூர் நூலக ஆணைக்குழுவுக்குப் போகிறது. வீட்டு வரி கட்டுகிற நீங்கள் ஏற்கெனவே நூலகத்துக்குப் பணம் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள், பலருக்கு இது தெரியாது. மாவட்ட மைய நூலகம், கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம், பகுதி நேர நூலகம் என்று கீழே வரை இறங்கும். ஊர்ப்புற நூலகத்தில் ஒருவரே எல்லாம்: கதவு திறப்பது, பெருக்குவது, புத்தகம் கொடுப்பது, அறிக்கை எழுதுவது. எழும்பூரில் 1896-இல் திறந்த கன்னிமாரா, கோட்டூர்புரத்தில் 2010-இல் வந்த அண்ணா நூற்றாண்டு நூலகம், மதுரையில் 2023-இல் வந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம், இவையெல்லாம் வேறு உலகம். அங்கே பிரிவுக்குப் பிரிவு ஆள் உண்டு.

கல்லூரி நூலகராக வேண்டுமானால்?

எம்.லிப்-இல் 55 சதவீதம், கூடவே நெட் (தேசிய அளவு) அல்லது செட் (மாநில அளவு) தகுதித் தேர்வு. இது பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி.யின் விதி. முனைவர் பட்டம் இருந்தால் நெட்டிலிருந்து விலக்கு உண்டு. இந்தப் பதவி உதவிப் பேராசிரியருக்கு இணையான ஊதிய நிலை, ஏழாவது ஊதியக் குழுப்படி அடிப்படைச் சம்பளம் 57,700 ரூபாயில் தொடங்கும். காதுக்கு இனிமையாக இருக்கிறதல்லவா? இது அரசு, அரசு உதவி பெறும் கல்லூரிகளின் நிரந்தரப் பதவிக்கு. சுயநிதிக் கல்லூரிகளில் பெரும்பாலும் இதில் பாதியைக்கூடக் கண்ணில் காட்ட மாட்டார்கள். ஒரு கல்லூரியில் என்னை நேர்காணலுக்குக் கூப்பிட்டு, நூலகம் பார்த்துக்கொள்வதோடு பரீட்சை மேற்பார்வையும் பஸ் பொறுப்பும் உங்களுடையதுதான் என்றார்கள். டீ குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

சரி, சட்ட நூலகம் என்றால் எது?

உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகளுக்கான நூலகம், வக்கீல் சங்கங்களின் நூலகங்கள், அரசு சட்டக் கல்லூரிகள், சென்னையில் டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம், திருச்சியில் தேசியச் சட்டப் பல்கலைக்கழகம், தீர்ப்பாயங்கள், பெரிய கம்பெனிகளின் சட்டப் பிரிவுகள், அப்புறம் வக்கீல் அலுவலகங்கள். மூத்த வக்கீல்கள் சிலர் வீட்டின் கீழ்த்தளம் முழுக்கவே புத்தகமாக வைத்திருப்பார்கள், அதைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். விளம்பரமெல்லாம் வராது, வாய்வழியாகத்தான் தெரியவரும்.

அதற்குச் சட்டம் படித்திருக்க வேண்டுமா?

இங்கே கட்டாயமில்லை. அமெரிக்காவில் சட்டக் கல்லூரி நூலகங்களின் சில பதவிகளுக்குச் சட்டப் பட்டம், நூலகப் பட்டம் ரெண்டுமே கேட்பார்கள். நம்மூரில் எம்.லிப் படித்துவிட்டு, சட்டத்தை வேலையிலேயே கற்றுக்கொண்டவர்கள்தான் அதிகம், நானும் அதில் ஒருத்தன். எல்.எல்.பி. இருந்தால் நல்லது, மரியாதை கூடும். ஆனால் தபால்வழி எல்.எல்.பி. என்று யாராவது ஆசை காட்டினால் நம்பாதீர்கள், பார் கவுன்சில் அதை ஏற்பதில்லை.

முதல் ஆறு மாசம் எனக்கு ஒன்றுமே புரியவில்லை. பேர் ஆக்ட் என்றால் என்ன, ஜர்னல் என்றால் என்ன என்றுகூடத் தெரியாது. விளக்கவுரை எதுவும் இல்லாமல் சட்டத்தின் வாசகம் மட்டும் அச்சிட்டது பேர் ஆக்ட். தீர்ப்புகளைத் தொகுத்து வருவதை நம் வக்கீல்கள் ஜர்னல் என்பார்கள். ஆகாயவாணி மாதிரி "ஏ.ஐ.ஆர். செவன்ட்டி த்ரீ எஸ்.சி. ஃபோர்ட்டீன் சிக்ஸ்ட்டி ஒன்" என்று ஒரு குரல் வரும், நான் பேந்தப் பேந்த விழிப்பேன்.

அந்த ஏ.ஐ.ஆர்., எஸ்.சி.சி. எண்களை எப்படிப் படிப்பது?

மிரள வேண்டாம், அது ஒரு வீட்டு விலாசம். ஏ.ஐ.ஆர். 1973 எஸ்.சி. 1461 என்றால், ஆல் இந்தியா ரிப்போர்ட்டர் என்ற தொகுப்பில் 1973-ஆம் வருஷம், உச்ச நீதிமன்றப் பகுதி, 1461-ஆம் பக்கம். (1973) 4 எஸ்.சி.சி. 225 என்றால், சுப்ரீம் கோர்ட் கேசஸ் தொகுப்பில் அந்த வருஷத்து நான்காவது தொகுதி, 225-ஆம் பக்கம். ரெண்டும் ஒரே தீர்ப்புதான், கேசவானந்த பாரதி வழக்கு. ஒரே ஆளுக்கு நாலு ஊரில் நாலு விலாசம் இருக்கிற மாதிரி, ஒரு தீர்ப்பு நாலு ஜர்னலில் வந்திருக்கும். வக்கீல் ஒரு விலாசம் சொல்வார், உங்கள் நூலகத்தில் இருப்பது வேறு ஜர்னலாக இருக்கும். இதை அதாக மாற்றித் தேடத் தெரிந்துவிட்டால் பாதி வேலை தெரிந்த மாதிரி. சென்னைத் தீர்ப்புகளுக்கு 1891-இலிருந்து வரும் மெட்ராஸ் லா ஜர்னல் இருக்கிறது, பழைய கட்டுகளில் அதன் எண்தான் நிறைய வரும்.

2023-இல் உச்ச நீதிமன்றம் எந்தப் பதிப்பாளரையும் சாராத பொது எண்முறை ஒன்றைக் கொண்டுவந்தது. 2023 ஐ.என்.எஸ்.சி. என்று தொடங்கி அந்த வருஷத்தில் அந்தத் தீர்ப்பின் வரிசை எண் வரும். எங்களுக்குப் பெரிய நிம்மதி. ஆனால் அதற்கு முந்தைய வழக்குகளைப் பற்றிப் பேசும்போது வக்கீல்கள் வாயில் வருவது பழைய விலாசம்தான், அதனால் பழசையும் விட முடியாது.

சட்ட நூலகத்தில் கேள்விகள் எப்படி வரும்? ஒரு உதாரணம் சொல்லுங்கள்.

கேட்பவர் வாயில் வரும் கேள்வி வேறு, அவருக்கு வேண்டியது வேறு. இந்தத் தொழில் முழுக்க இந்த இடைவெளியில்தான் இருக்கிறது, கிளை நூலகத்திலும் இதேதான், உயர் நீதிமன்றத்திலும் இதேதான்.

நான் பொது நூலகத்தில் உதவியாளராக இருந்தபோது ஒரு அம்மா வந்தார், கையில் மஞ்சள் பை. "சொத்துச் சட்டப் புத்தகம் இருக்கா தம்பி?" சொத்து உரிமை மாற்றுச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது, 1882-ஆம் வருஷத்தது, நேரே அதை எடுத்துக் கொடுத்தேன். அரை மணி நேரம் புரட்டிவிட்டு, ஒன்றும் புரியலைப்பா என்று எழுந்து போய்விட்டார். பக்கத்தில் இருந்த எங்கள் நூலகர் அக்கா ஓடிப்போய் வாசலில் அவரை மடக்கி, "என்ன விஷயமாம்மா பார்க்கறீங்க?" என்று மட்டும்தான் கேட்டார். "அப்பா போய்ச் சேர்ந்துட்டாரு, பொண்ணுக்குப் பங்கு கிடையாதுன்னு அண்ணன் சொல்றான்." அவ்வளவுதான், புத்தகமே மாறிப்போச்சு. அது இந்து வாரிசுரிமைச் சட்டம்.

அதற்குள்ளேயும் நாலு அடுக்கு. தமிழ்நாடு 1989-இலேயே தனியாகத் திருத்தம் கொண்டுவந்து மகளைப் பங்காளியாக்கியது, ஆனால் அந்த மார்ச் 25-க்கு முன்பே கல்யாணம் ஆனவர்களுக்கு இல்லை என்றது. மத்திய அரசின் திருத்தம் 2005 செப்டம்பர் 9-இல் நடைமுறைக்கு வந்தது. அப்புறம் தீர்ப்புகள். ஆகவே சரியான பக்கத்தை எடுத்துக் கொடுக்க வேண்டுமென்றால் அப்பா எப்போது இறந்தார், பூர்வீகச் சொத்தா சொந்தமாக வாங்கியதா, உயில் உண்டா, கல்யாணம் எந்த வருஷம் என்று கேட்டாக வேண்டும். பக்குவமாகக் கேட்க வேண்டும், பின்னால் நாலு பேர் நிற்கிறார்கள். அக்கா அந்த அம்மாவை ஓரமாக ஒரு நாற்காலியில் உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் கேட்டார். நான் எம்.லிப்-இல் படித்த பாடத்தைவிட அந்த நாற்காலியில் கற்றது அதிகம்.

அப்படியானால் அந்த அம்மாவுக்குப் பங்கு உண்டு என்று சொல்லிவிடலாமா?

கூடவே கூடாது. இதுதான் கோடு. இந்தச் சட்டம் இங்கே இருக்கிறது, இந்தத் திருத்தம் இந்தப் பக்கத்தில், இது பற்றிய தீர்ப்பு இது, இந்தச் சொல்லுக்கு அகராதிப் பொருள் இது என்பது வரை நம் வேலை. உங்களுக்குப் பங்கு வரும், கேஸ் போடுங்கள், இந்த மனுவில் இப்படி எழுதுங்கள் என்றால் அது சட்ட ஆலோசனை, அது வக்கீலின் வேலை. நல்லெண்ணத்தில் சொல்லி, அது தப்பாகி, அவர் காலக்கெடுவைத் தவறவிட்டால் யார் பொறுப்பு?

ஆனால் கோட்டைக் காட்டிக் கதவைச் சாத்திவிடவும் கூடாது. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் விலாசத்தை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள், காவலில் இருப்பவர்கள் எல்லாருக்கும் இலவச சட்ட உதவி உண்டு, பெண்களுக்கு வருமான வரம்புகூடக் கிடையாது. 15100 என்ற எண்ணுக்கு அழைத்தாலும் வழி சொல்வார்கள். எங்கள் கவுன்ட்டர் கண்ணாடிக்கு அடியில் இந்த எண் எப்போதும் இருக்கும்.

இந்த வேலையில் பெரிய தப்பு என்று எதைச் சொல்வீர்கள்?

செத்துப்போன தீர்ப்பை உயிரோடு இருப்பதாகக் கொடுப்பது. நான் செய்திருக்கிறேன்.

2020 கடைசியில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் இருந்தேன். அதே மகள் பங்கு விவகாரம்தான். ஜூனியர் கேட்டார், எனக்குத் தெரிந்த வழக்காயிற்றே என்று யோசிக்காமல் ரேக்கிலிருந்து (2016) 2 எஸ்.சி.சி. தொகுதியை உருவி 36-ஆம் பக்கத்தில் அடையாளம் வைத்துக் கொடுத்தேன். பிரகாஷ் எதிர் பூலாவதி. 2005 செப்டம்பர் 9 அன்று அப்பா உயிரோடு இருந்திருந்தால்தான் மகளுக்குப் பங்கு என்று சொன்ன தீர்ப்பு. ஆனால் 2020 ஆகஸ்ட் 11-ஆம் தேதிதான் வினீதா சர்மா வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு அது சரியல்ல, பிறப்பாலேயே உரிமை, அப்பா அன்று உயிரோடு இருக்க வேண்டியதில்லை என்று அதை ரத்து செய்திருந்தது. கட்டிய தொகுதிக்கு இது எப்படித் தெரியும்? அது 2016-லேயே தூங்கிக்கொண்டிருக்கிறது. நல்லவேளை, கோர்ட்டுக்குப் போகுமுன் சீனியர் கண்ணில் பட்டுவிட்டது. திட்டவில்லை, புத்தகத்தை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். திட்டியிருந்தால் தேவலை.

அதிலிருந்து எந்தத் தீர்ப்பைக் கொடுத்தாலும் இது பின்னால் ரத்தானதா, மாறியதா, பின்பற்றப்பட்டதா என்று இணையத் தளத்தில் சரிபார்த்து, சரிபார்த்த தேதியையும் துண்டுச் சீட்டில் எழுதித்தான் கொடுப்பேன். தொகுதியிலேயே 36-ஆம் பக்கத்தில் பென்சிலால் "2020 பார்க்க" என்று எழுதி வைத்தேன். பென்சில்தான், பேனா கூடாது.

புதுச் சட்டம் வந்துவிட்டதே, பழைய ஐ.பி.சி. புத்தகங்களை எடைக்குப் போடலாமா?

ஐயோ, வேண்டாம். 2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டமான ஐ.பி.சி.யின் இடத்துக்குப் பாரதிய நியாய சன்ஹிதா வந்தது உண்மை. கொலைக்கு 302 என்று சினிமா பார்த்து மனப்பாடம் ஆனது இப்போது 103, மோசடிக்கு 420 என்பது இப்போது 318(4), ஊரில் தடை உத்தரவுக்கு 144 என்று சொல்லிக்கொண்டிருந்தது புதிய நடைமுறைச் சட்டத்தில் 163. ஆனால் அந்தத் தேதிக்கு முன் நடந்த குற்றங்களுக்குப் பழைய ஐ.பி.சி.தான். அந்த வழக்குகள் விசாரணை, மேல்முறையீடு என்று இன்னும் பல வருஷம் ஓடும். எங்கள் நூலகத்தில் பழைய பிரிவு, புதிய பிரிவு ரெண்டையும் பக்கத்துப் பக்கத்தில் போட்ட ஒப்பீட்டு அட்டவணையை வாசலிலேயே மாட்டினோம், அந்த மாசம் அதிகமாக நகல் எடுக்கப்பட்ட தாள் அதுதான்.

சட்ட நூலகத்தில் கழித்துக்கட்டுவது தனிக் கலை. பொது நூலகத்தில் பழைய சட்டப் பதிப்பு ஆபத்து, தெரியாதவர் அதை நம்பிவிடுவார். வக்கீல் அலுவலகத்தில் அதே பழைய பதிப்பு பொக்கிஷம், 1998-இல் அந்தப் பிரிவு என்ன சொல்லிற்று என்று யாராவது கேட்பார்கள்.

எல்லாம் இணையத்தில் இருக்கும்போது நூலகர் எதற்கு? ஏ.ஐ. வேறு வந்துவிட்டதே?

இருக்கிறதுதான். மத்திய, மாநிலச் சட்டங்கள் இந்தியா கோட் தளத்தில் இலவசம். உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளுக்கு இ.எஸ்.சி.ஆர். தளம் 2023-இலிருந்து இலவசம். தீர்ப்புகளைத் தேடும் இந்தியன் கானூன் தளம் வக்கீல்கள் எல்லாருக்கும் தெரியும். எஸ்.சி.சி. ஆன்லைன், மனுபத்ரா காசு கட்ட வேண்டியவை, அவற்றின் சந்தாவைப் பேரம் பேசிப் புதுப்பிப்பதே எங்கள் வேலையில் பெரிய பகுதி.

ஏ.ஐ. பற்றி ஒரு சம்பவம் சொன்னால் போதும். 2023-இல் நியூயார்க்கில் விமானக் கம்பெனி ஒன்றின் மீது போட்ட வழக்கில், வக்கீல்கள் சாட்ஜிபிடி சொன்ன தீர்ப்புகளை அப்படியே மனுவில் போட்டார்கள். அப்படித் தீர்ப்புகளே கிடையாது, அது கற்பனை செய்து எழுதியவை. நீதிமன்றம் 5,000 டாலர் அபராதம் போட்டது. இப்போது என்னிடம் ஜூனியர்கள் சிலர் ஏ.ஐ. கொடுத்த பட்டியலோடு வருகிறார்கள், சார் இதில் எது நிஜம் என்று. நான் விலாசத்தை வைத்துத் தேடுவேன். அந்தத் தொகுதியில் அந்தப் பக்கத்தில் வேறு ஏதோ வருமானவரி வழக்கு இருக்கும். வேலை போகும் என்றார்கள், எனக்கு வேலை கூடியிருக்கிறது.

ஆங்கிலம் சரளமாக வராது, சட்ட நூலகம் எனக்கு ஒத்துவருமா?

பேச வராவிட்டால் பரவாயில்லை, படிக்க வந்தாக வேண்டும். உயர் நீதிமன்ற, உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் ஆங்கிலத்தில்தான். உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்புகள் சிலவற்றைத் தமிழிலும் மொழிபெயர்த்து வெளியிடுகிறது. கீழமை நீதிமன்றங்களில் தமிழ் இருக்கிறது, அதனால் தடையாணை, எதிருரை, மேல்முறையீடு, கிரயம், அடமானம், தானப் பத்திரம் மாதிரிச் சொற்களை ரெண்டு மொழியிலும் அறிந்த நூலகருக்கு மாவட்டத் தலைநகரங்களில் நல்ல மதிப்பு. ஒரு நோட்டில் தினம் ரெண்டு சொல் எழுதி வந்தால் போதும். என் நோட்டு இப்போது மூன்றாவதில் இருக்கிறது.

பொது நூலகத்திலிருந்து சட்ட நூலகத்துக்கு எப்படி மாறுவது?

நீங்கள் இருக்கும் நூலகத்திலேயே 340 ரேக்கைக் கேட்டு வாங்குங்கள், யாரும் போட்டிக்கு வர மாட்டார்கள். ஆறு மாசம் அதை ஒழுங்கு செய்யுங்கள். அப்புறம் பக்கத்து நீதிமன்ற வக்கீல் சங்கத்துக்குப் போய் அவர்களுடைய ஜர்னல்களை அடுக்கித் தருகிறேன் என்று கேளுங்கள். பல சங்கங்களில் தனி இதழ்களாக வந்த ஜர்னல்கள் பைண்டிங் போகாமல் சணல் கயிற்றில் கட்டிக் கிடக்கும், எந்த மாசத்து இதழ் வரவில்லை என்பதுகூடத் தெரியாது. அதை நேர் செய்து கொடுத்தவர் பெயரை அவர்கள் மறக்க மாட்டார்கள். எனக்கு அப்படித்தான் வாய்த்தது: ரெண்டு ஞாயிற்றுக்கிழமை, சாப்பாடு அவர்கள் செலவு, மூன்றாவது மாசம் ஒரு போன்.

நேர்காணலில் என்ன கேட்பார்கள்?

ஐந்து விதிகள், டியூயி எண் ரெண்டு மூன்று, கோஹா. சட்ட நூலகமென்றால் ஒரு சைட்டேஷனை, அதாவது தீர்ப்பின் விலாசத்தை, கொடுத்து எடுத்துவரச் சொல்வார்கள். நான் நேர்காணல் எடுத்தால் வேண்டுமென்றே அரைகுறையாக ஒரு கேள்வி கேட்பேன், "அந்தச் செக் பவுன்ஸ் தீர்ப்பு ஒண்ணு வந்துச்சே, அதை எடுங்க" என்று. உடனே ரேக்குக்கு ஓடுகிறவர், திருதிருவென முழிக்கிறவர், "எந்த வருஷம் சார், எந்தக் கோர்ட், எந்த விஷயமா?" என்று திருப்பிக் கேட்கிறவர் என்று மூன்று வகை உண்டு. மூன்றாமவருக்கு அன்றே ஆர்டர்.

முதல் நாள் வேலைக்குப் போகும்போது என்ன கொண்டுபோகலாம்?

மூக்கைக் கட்ட ஒரு கர்சீப், ரெண்டு பென்சில், ஒரு சின்ன நோட்டு, சாப்பாடு. வெள்ளைச் சட்டை வேண்டாம், சாயங்காலம் அது வேறு நிறத்தில் இருக்கும்.